கிராமத்து நிலத்தின் பத்திரம்: தேடுவதும் பதிவு செய்வதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் நிலம் வைத்திருப்பவர்கள், அல்லது ஊரைவிட்டு வந்து இப்போது குடும்ப நிலத்தைச் சரிசெய்ய நினைப்பவர்கள், திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலத்தின் காகிதம் இரண்டு துறைகளில் இருக்கிறது. பத்திரம் பதிவுத்துறையில், சார்பதிவாளர் அலுவலகத்தில். பட்டா வருவாய்த்துறையில், வட்டாட்சியர் அலுவலகத்தில். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே சர்வே எண், ஒரே பரப்பு இருக்கவேண்டும். கிராமத்து நிலத் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் முளைக்கின்றன.

தாத்தா வாங்கிய நிலம். பத்திரம் வீட்டில் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

சர்வே எண்ணிலிருந்து. பழைய கிஸ்தி (நிலவரி) ரசீது, பட்டா பாஸ்புக், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிய காகிதம், பம்ப்செட் மின் இணைப்புக்குக் கொடுத்த விண்ணப்பம் என்று வீட்டில் ஏதாவது ஒன்றில் அந்த எண் இருக்கும். கிடைத்ததும் வருவாய்த்துறையின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து பட்டா, அ-பதிவேடு (சர்வே எண்வாரியாக நிலத்தின் வகையும் உரியவர் பெயரும் இருக்கும் கிராமக் கணக்கு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் அதே சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அந்த எண்ணில் நடந்த பதிவுகள் வரிசையாக வரும்: யார் எழுதிக் கொடுத்தார், யார் வாங்கினார், ஆவண எண், ஆண்டு. ஆவண எண்ணும் ஆண்டும் தெரிந்துவிட்டால் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த நகலில் "இந்தச் சொத்து இன்னாரிடமிருந்து இன்ன தேதியில் கிரயம் பெற்றது" என்று முந்தைய பத்திரத்தின் விவரம் இருக்கும். அதைப் பிடித்து அதற்கு முந்தையது, பிறகு அதற்கும் முந்தையது என்று பின்னோக்கிப் போகவேண்டும்.

வேறொருவர் பத்திரத்தின் நகலை எனக்குக் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் இருக்கும் 1-ஆம் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். "உனக்கும் இந்த நிலத்துக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். உயில்கள் இருக்கும் 3-ஆம் புத்தகம் மட்டும் வேறு. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் நகல் கிடைக்கும். இறந்த பிறகு இறப்புச் சான்றைக் காட்டி மற்றவர்கள் கேட்கலாம்.

சர்வே எண்ணே தெரியவில்லையே?

நிலத்துக்குப் போய்விடுங்கள். பக்கத்து வயல்காரரின் பட்டாவில் அவருடைய எண் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தில் அந்த எண்ணுக்கு அடுத்து எது என்று பார்த்தால் உங்கள் புலம் தெரிந்துவிடும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர்வழி அட்டவணையும் உண்டு. எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயரை வைத்துத் தேடலாம். தாத்தாவின் பெயரோடு அவருடைய அப்பா பெயரும், பத்திரம் எழுதப்பட்ட ஆண்டு சுமாராகவாவது தெரிந்திருந்தால் வேலை எளிது. ஊரில் வயதானவர்களிடம் "எந்த வெள்ளத்துக்குப் பிறகு வாங்கினார், யார் கல்யாணத்துக்கு முன்னால்" என்று கேட்டால் ஆண்டை நெருங்கிவிடலாம்.

வில்லங்கச் சான்று 1975-உடன் நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால்?

கணினியில் ஏறியது பெரும்பாலான இடங்களில் அதுவரைதான். அதற்கு முந்தையவை கையால் எழுதிய புத்தகங்களில் இருக்கின்றன. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை தேடவேண்டும் என்று குறிப்பிட்டு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால் அட்டவணைகளைப் புரட்டித் தேடித் தருவார்கள். நாளாகும், ஆனால் நடக்கும். இங்கே மூன்று இடங்களில் தடுமாற்றம் வரும்.

முதலாவது, அலுவலகம் மாறியிருக்கலாம். உங்கள் கிராமம் இன்று ஒரு சார்பதிவகத்தில் இருந்தாலும் 1950-இல் வேறொன்றின் எல்லைக்குள் இருந்திருக்கலாம். பழைய புத்தகங்கள் அந்தத் தாய் அலுவலகத்திலோ மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தின் பதிவறையிலோ இருக்கும்.

இரண்டாவது, சர்வே எண் மாறியிருக்கலாம். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், ஊர்க்காரர்கள் யுடிஆர் என்று சொல்வதில், உட்பிரிவுகள் புதிதாக வந்தன. அதற்கு முன் 112 என்று இருந்தது இன்று 112/3பி ஆகியிருக்கும். மறு அளவை நடந்த கிராமங்களில் எண் முழுவதுமே வேறாகியிருக்கும். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கும். வில்லங்கம் போடும்போது பழைய எண், புதிய எண் இரண்டையும் கொடுத்துத் தேடுங்கள். புதிய எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு "பதிவே இல்லை" என்று திரும்பி வந்தவர்கள் ஏராளம்.

மூன்றாவது, பத்திரமே இல்லாமல் இருக்கலாம். இராமநாதபுரம், சிவகங்கை போன்ற பழைய ஜமீன் பகுதிகளில் 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும், இனாம் (மானியமாக விடப்பட்ட) கிராமங்களில் 1963-ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகும், உழுதுகொண்டிருந்த குடிகளுக்கு, எந்த நிலம் யாருக்கு என்று தீர்மானித்த செட்டில்மெண்ட் அதிகாரி ரயத்துவாரி பட்டா, அதாவது அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் பட்டா, கொடுத்தார். அந்தக் குடும்பங்களுக்கு அதுதான் மூலம். அங்கே கிரயப் பத்திரத்தைத் தேடி அலைந்து பயனில்லை. செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

நகல் கிடைத்தது. படிக்கத் தெரியவில்லை.

முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். பதிவாளரின் குறிப்பில் புத்தகம், தொகுதி, பக்கங்கள், ஆவண எண், தேதி எல்லாம் இருக்கும். தேதி பெரும்பாலும் ஆங்கில நாட்காட்டிப்படிதான். உள்ளே எழுத்தர் எழுதியதுதான் சிரமம்.

ஆண்டு ௲௯௱௩௰௫ என்று இருந்தால் அது 1935. ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது என்பதை நினைவில் வையுங்கள். விய வருஷம் என்றால் 1946 சித்திரையில் தொடங்கியதாகவும் இருக்கலாம், 2006-இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) என்று இருந்தால் 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1340 என்பது 1930 ஜூலை 1 முதல் 1931 ஜூன் 30 வரை.

பரப்பளவில்தான் அதிகக் குழப்பம். தஞ்சைப் பகுதியில் ஒரு குழி என்பது 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட், வேலி 6 ஏக்கர் 60 சென்ட்டுக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் குழியின் அளவு எல்லா ஊரிலும் இது இல்லை. உங்கள் பக்கத்து வழக்கை உள்ளூர்ப் பத்திர எழுத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்றைய பட்டாவில் ஹெக்டேரும் ஏரும்தான் இருக்கும். 0-81.00 என்றால் 2 ஏக்கர். பத்திரத்தின் ஏக்கரையும் பட்டாவின் ஹெக்டேரையும் ஒருமுறை பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய பத்திரங்களில் என்னை மிகவும் கவர்வது நான்கெல்லைதான். "இன்னார் புஞ்சைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, ஓடைக்கு வடக்கு" என்று எழுதியிருப்பார்கள். நிலத்தின் எண்ணும் அளவும் மாறிப்போயிருந்தாலும் ஓடையும் பாதையும் பல இடங்களில் அப்படியே இருக்கின்றன. எல்லைச் சண்டை நீதிமன்றம் போனால் இந்த ஒரு வரி பெரிய துணை.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை. நிலம் சுத்தம்தானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நீங்கள் கேட்ட காலத்தில், நீங்கள் கொடுத்த எண்ணில் பதிவு எதுவும் இல்லை என்றுதான் அது சொல்கிறது. உயில் அதில் வராது. பதிவு செய்யாத பாகப்பிரிவினை வராது. நிலுவையில் உள்ள வழக்கு, நீதிமன்றத்திலிருந்து ஜப்தி போன்ற உத்தரவு வந்து பதிவானால் ஒழிய, தெரியாது. பத்திரத்தை ஒருவரிடம் கொடுத்துக் கைமாற்றாகக் கடன் வாங்கியிருந்தால் அதுவும் தெரியாது. அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

பட்டா என் பெயரில் இருக்கிறதே, பத்திரம் எதற்கு?

பட்டா என்பது தீர்வை யாரிடம் வசூலிப்பது என்பதற்கான வருவாய்க் கணக்கு. அதனால் மட்டும் உரிமை உண்டாவதில்லை என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. யுடிஆர் காலத்தில் அவசரத்தில் பெயர் மாறி விழுந்த பட்டாக்கள் இன்றும் இருக்கின்றன. அண்ணன் பெயர் மட்டும் ஏறி தம்பி பெயர் விட்டுப்போனது, அனுபவத்தில் இல்லாதவர் பெயர் ஏறியது என்று எல்லாவிதமும் உண்டு. அந்தப் பிழையைத் திருத்த வருவாய்த்துறையில் மனு கொடுக்கலாம். அதற்கு நீங்கள் காட்டவேண்டிய முதல் ஆதாரம் பத்திரம்தான்.

அப்பாவும் சித்தப்பாக்களும் 30 வருடம் முன்பே வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டார்கள். அவரவர் பங்கில் பயிர் செய்கிறோம். பதிவு வேண்டுமா?

வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

குடும்பத்தில் வாய்மொழியாகப் பிரித்துக்கொள்வதைச் சட்டம் முற்றாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் அதை நிரூபிக்கவேண்டியவர் நீங்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசியது, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டது, எல்லாம் அந்தத் தலைமுறை இருக்கும்வரை நிற்கும். அவர்கள் போனதும் பிள்ளைகளில் ஒருவர் விற்க நினைக்கும்போது சிக்கல் தொடங்கும். வெள்ளைத்தாளில் எழுதிய பங்குப் பத்திரம், சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஆவணமாகவே எழுதப்பட்டிருந்தால், பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத ஆவணத்தால் உரிமை மாறாது என்கிறது 49-ஆம் பிரிவு.

அத்தைகளை மறக்கவேண்டாம். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அதுவரை திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம பங்கு கிடைத்தது. 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமான மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. தந்தை 2005-க்கு முன் இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது. வாய்மொழிப் பாகம் நடந்தது என்று சொல்லி மகளின் பங்கை மறுப்பதையும் அந்தத் தீர்ப்பு எளிதில் ஏற்பதில்லை. அத்தை தன் பங்கை வாங்கிக்கொள்ளட்டும், அல்லது பங்கை விட்டுக்கொடுப்பதாக மனமார விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கட்டும். "அவளுக்குத்தான் நகை போட்டோமே" என்பது பத்திரம் ஆகாது. அவருடைய உரிமை அவருடையது என்பதை மதித்துப் பேசத் தொடங்கினால் பெரும்பாலான குடும்பங்களில் கையெழுத்து வந்துவிடுகிறது.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். குடும்ப உறுப்பினர்களுக்குள் பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட் (விலையின்றிச் சொத்தை எழுதிவைப்பது), விடுதலை ஆவணங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையிலிருந்து இந்த உச்சவரம்புகள். யார் யார் குடும்பம் என்பதற்குச் சட்டத்தில் பட்டியல் உண்டு. பங்காளிகள் எல்லோரும் அதில் வந்துவிடமாட்டார்கள் என்பதால் எழுதும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

விலைக்கு வாங்கினால் எவ்வளவு ஆகும்?

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த மதிப்பு), நீங்கள் கொடுக்கும் விலை, இரண்டில் எது கூடுதலோ அதன் மீது கணக்கிடப்படும். 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. உங்கள் சர்வே எண்ணின் வழிகாட்டி மதிப்பைத் தளத்திலேயே பார்க்கலாம். மதிப்பைக் குறைத்துக் காட்டியதாகப் பதிவாளர் கருதினால் முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவின்கீழ் விசாரணைக்கு அனுப்புவார். ஆவணம் அதுவரை கைக்கு வராமல் நிலுவையில் நிற்கும்.

எங்கே, எப்போதுக்குள் பதிவு செய்யவேண்டும்?

சொத்து இருக்கும் எல்லைக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்தில், கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள். தவறினால் தக்க காரணம் சொல்லி, அபராதத்துடன் இன்னொரு 4 மாதம் கிடைக்கும். அதற்குமேல் புதிதாகத்தான் எழுதவேண்டும். உயிலுக்கு மட்டும் இந்தக் கெடு இல்லை.

அன்றைக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

முந்தைய மூலப்பத்திரம், அண்மையில் எடுத்த வில்லங்கச் சான்று, பட்டா, எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர் அடையாள அட்டைகள், அடையாள அட்டையுடன் இரண்டு சாட்சிகள். உரியவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். சாட்சிக்கு உங்களைத் தெரிந்த, உங்களைவிட இளையவர்களைக் கூட்டிப்போங்கள். 20 வருடம் கழித்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல அவர்கள் இருக்கவேண்டும்.

வரைவைத் தட்டச்சு செய்ததும் சொத்து விவரத்தை நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை, பாதை உரிமை, கிணற்றில் எத்தனை பங்கு, மோட்டாரும் மரங்களும் சேருமா. பாதை உரிமையும் பொதுக்கிணற்றின் முறைத்தண்ணீரும் எழுதாமல் விட்டால், நாளை பக்கத்து நிலம் கைமாறும்போது உங்கள் மாட்டுவண்டிகூட உள்ளே போக முடியாது. சின்னப் பிழை பிறகு தெரிந்தால் அதே தரப்பினர் சேர்ந்து பிழைத்திருத்தல் பத்திரம் போடலாம். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகள் எல்லோரையும் தேடவேண்டிவரும்.

பாட்டி படுத்த படுக்கை. அலுவலகத்துக்கு வரமுடியாது.

தனிக் காரணம் இருந்தால் பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு இடம் தருகிறது. மருத்துவச் சான்றுடன் விண்ணப்பியுங்கள். நினைவு தெளிவாக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். தம்பிக்கு அதிகாரம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில், அல்லது நோட்டரி முன்னிலையில், அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டும். எந்தச் சர்வே எண், என்ன வேலை என்று குறிப்பாக எழுதுங்கள். எல்லாச் சொத்துக்கும் எல்லா அதிகாரமும் என்று எழுதிக் கொடுக்கவேண்டாம்.

பதிவாளர் மறுத்துவிட்டால்?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 71-ஆம் பிரிவின்படி காரணத்தைப் பதிந்து நகல் தருவது அவர் கடமை. 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு. அங்கும் மறுத்தால் 30 நாளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு.

சில மறுப்புகள் நியாயமானவை. கோயில் நிலம், வக்பு நிலம், அரசு நிலம் ஆகியவற்றைப் பதிய 22ஏ பிரிவு தடுக்கிறது. பஞ்சமி நிலமும் அப்படி எச்சரிக்கையாகப் பார்க்கவேண்டியது. 1892-இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென ஒப்படைக்கப்பட்ட அந்த நிலங்களை வேறு சமூகத்தார் வாங்க நிபந்தனை இடம் தராது. எத்தனை கை மாறியிருந்தாலும், பத்திரம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், அந்த நிலம் அவர்களுடையது. மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரும் அதில் கை வைக்கக்கூடாது. வாங்கும் முன் அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தைக் கட்டாயம் பாருங்கள்.

பதிவு முடிந்தது. பட்டா தானாக மாறிவிடுமா?

முழுப் புலத்தையும் வாங்கி, விற்றவர் பெயரிலேயே தனிப்பட்டா இருந்தால், பெரும்பாலும் தானாகவே மாறும். ஒரு பகுதியை மட்டும் வாங்கினால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்யவேண்டும். அளக்கும் நாளில் நீங்களும் இருங்கள், பக்கத்து நிலத்துக்காரர்களையும் நீங்களே போய்க் கூப்பிடுங்கள். மனு தள்ளுபடியானால் கோட்டாட்சியரிடமும், அதன்பிறகு மாவட்ட வருவாய் அலுவலரிடமும் மேல்முறையீடு செய்யலாம். உரிமையே யாருக்கு என்ற தகராறு என்றால் அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை, வருவாய்த்துறை அதைத் தீர்க்க முடியாது.

அசல் பத்திரம் தொலைந்துவிட்டது. விற்க முடியுமா?

முடியும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, தேடியும் கிடைக்கவில்லை என்ற சான்றிதழை வாங்குங்கள். நாளிதழில் விளம்பரம் கொடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலை எடுத்துவிடுங்கள். புகாருக்கு முன், வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அப்பா எப்போதாவது அடமானம் வைத்தாரா என்று விசாரித்துப் பாருங்கள். கடனை அடைத்த பிறகும் திரும்ப வாங்காமல் விட்ட பத்திரங்கள் அங்கே பெட்டகத்தில் இருப்பது உண்டு.